ரெக்கோட் பிளேயருக்குப் புதுத் தட்டு: கடைவதா, திருத்துவதா, எடுப்பிப்பதா?

பெரியமாமாவின் பி.எஸ்.ஆர். பிளேயரை 2009 தை மாதம் பொலித்தீனால் சுற்றி, உரப்பையில் கட்டி, விசுவமடு வளவில் மாமரத்தடியில் தாட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். திரும்பிப் போய்த் தோண்டியபோது மரப்பெட்டியைக் கறையான் முடித்திருந்தது. மோட்டர் எண்ணெய் விட்டதும் சுற்றியது. ரெக்கோட் வைக்கும் இரும்புத் தட்டுத்தான் ஒரு பக்கம் துருவேறி, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. "உதை லேத்திலை குடுத்துப் புதுசா ஒண்டு கடையலாம்தானே" என்றார் மாமா. நானும் ஓம் என்றேன். அந்த ஓமுக்கு நான் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது கிளிநொச்சியில் வானொலி, அம்பிளிபயர் திருத்துகிற என் மேசைக்கு இதே கேள்வியோடு மூன்று வகை ஆட்கள் வருகிறார்கள். அப்பாவின் பழைய பிளேயரைத் துருவோடு தூக்கி வருபவர் ஒருவர். ரொறன்ரோவிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ அண்ணன் அனுப்பிய பிளேயர் வழியில் அடிபட்டோ, வேகம் குறைந்தோ நிற்கிறது என்பவர் இன்னொருவர். மூன்றாமவர் இளம்பொடியன். யூடியூப்பில் இரண்டு அங்குலத் தடிப்பில் மினுங்கும் அலுமினியத் தட்டைப் பார்த்துவிட்டு, அதேபோல் ஒன்று வேணும் என்று நிற்பார். மூவருக்கும் ஒரே பதில் சரிவராது.

இந்தக் கட்டுரையில் "தட்டு" என்றால் சுற்றுகிற தட்டு. பாட்டுள்ள தட்டை "ரெக்கோட்" என்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் இரண்டும் குழம்பும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

தட்டை எது சுற்றுகிறது என்பதுதான் முதற்கேள்வி. அதற்கு விடை தெரியாமல் லேத் பட்டறைக்குப் போகவே கூடாது.

பி.எஸ்.ஆர்., பழைய கராட் போன்றவற்றில் மோட்டரின் கப்பி ஒரு றப்பர் சில்லை உருட்டும், அந்தச் சில்லு தட்டின் உள்விளிம்பைத் தேய்த்துச் சுற்றும். இங்கே வேகம் இரண்டு அளவுகளில்தான் தங்கியிருக்கிறது: கப்பியின் விட்டம், தட்டின் உள்விளிம்பு விட்டம். நடுவிலுள்ள சில்லு பெரிதானாலும் சிறிதானாலும் வேகம் மாறாது. பலர் சில்லைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆக, புதுத் தட்டுக் கடைந்தால் உள்விளிம்பு பழைய அளவிலேயே வரவேண்டும்.

பெல்ற்றில் ஓடுபவற்றில் இரண்டு சாதி உண்டு. சிலவற்றில் பெல்ற் தட்டின் வெளிவிளிம்பைச் சுற்றி ஓடும். தொரன்ஸ், ரேகா போன்றவற்றில் உள்ளே ஒரு சிறு தட்டு. பெல்ற் அதைத்தான் சுற்றும். ரெக்கோட் வைக்கும் பெரிய தட்டு அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டாம் சாதிதான் கடைவதற்கு வாய்ப்பானது. வேகத்தைத் தீர்மானிக்கிற பகுதியில் கைவைக்கத் தேவையில்லை.

மூன்றாவது வகை நேரடி மோட்டர். டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2 மாதிரியானவற்றில் மோட்டரின் காந்தமே தட்டின் அடியில்தான் பூட்டியிருக்கிறது. அந்தத் தட்டுத்தான் மோட்டரின் பாதி. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று கடைகிற கதைக்கே இடமில்லை.

அடுத்தது துளையும் முகமும். தட்டு என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது வட்டம், பளபளப்பு, பாரம். லேத்காரருக்கு நாங்கள் காசு கொடுப்பது உண்மையில் நடுத்துளைக்குத்தான். துளைக்குச் செங்குத்தாக மேல்முகமும், துளையையே நடுவாக வைத்து விளிம்பும் அமைய வேண்டும். அளவுகளைக் கொஞ்சம் பார்ப்போம். 300 மில்லிமீற்றர் தட்டின் விளிம்பு, துளையிலிருந்து 0.1 மில்லிமீற்றர் விலகியிருந்தால், விளிம்பில் பெல்ற்றோ சில்லோ ஓடும் பிளேயரில் வேகம் ஒரு சுற்றுக்குள் 0.07 சதவீதம் கூடிக் குறையும். காது அதைக் கவனிக்காது. 0.5 மில்லிமீற்றர் விலகினால் 0.33 சதவீதம். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 செக்கன் ஆகும். அந்த இடைவெளியில் நாதஸ்வரத்தின் நீண்ட ஒற்றைச் சுரம் ஊஞ்சல் ஆடுவது கேட்கும். தவிலை மட்டும் போட்டுப் பார்த்தால் பிழையே தெரியாது. சோதிக்க நீண்ட சுரமுள்ள ரெக்கோட் வேண்டும். மேல்கீழ் ஆட்டத்துக்கு அவ்வளவு கறார் தேவையில்லை. விளிம்பில் 0.1 மில்லிமீற்றர் போதும். எங்கள் வெயிலில் கிடந்த ரெக்கோட்டுகள் தாமே அதைவிட நெளிந்திருக்கின்றன.

பாரத்தைப் பற்றி ஆசை அதிகம், கணக்குக் குறைவு. 300 மில்லிமீற்றர் விட்டம், 25 மில்லிமீற்றர் தடிப்பில் முழுத்திண்மமாகக் கடைந்தால் வரும் எடை இது:

| பொருள் | எடை |
|---|---|
| அக்கிறிலிக் | 2.1 கிலோ |
| டெல்றின் (கடினமான பிளாஸ்டிக்) | 2.5 கிலோ |
| அலுமினியம் | 4.8 கிலோ |
| வார்ப்பிரும்பு | 12.7 கிலோ |
| பித்தளை | 15 கிலோ |

பித்தளைத் தட்டு ஒரு சிறிய சீமெந்துத் தூண் மாதிரி. அதை ஒரு சிறு மோட்டர் வேகத்துக்குக் கொண்டுவர முன் பெல்ற் வழுக்கும், அடியிலுள்ள குண்டுமணி தேயும். சுருள்வில்லில் மிதக்கும் பிளேயர் என்றால் தரையைத் தட்டும். நூதனம் பார்ப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: எடையை விளிம்புக்குத் தள்ளுங்கள். அலுமினியத்தை நடுவில் 10 மில்லிமீற்றராகக் குடைந்து, வெளியே 30 மில்லிமீற்றர் அகலத்துக்கு மட்டும் 25 மில்லிமீற்றர் விட்டால் எடை 2.9 கிலோவாக இறங்கும். சுற்றை ஒரே சீராகப் பிடித்துவைக்கும் வலுவில் முக்கால் பங்கு அப்படியே நிற்கும்.

கடைசியாக, தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மற்றச் சங்கதிகள். ரெக்கோட் முடிந்ததும் ஊசிக்கை தானே திரும்பும் பிளேயர்களில், தட்டின் நடுக்குடத்தில் ஒரு சிறிய பல்லுச்சக்கரம் இருக்கும். தட்டைப் புதிதாக்கினால் அந்தப் பல்லையும் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். தட்டு 5 மில்லிமீற்றர் உயர்ந்தால் ஊசிக்கையும் உயர வேண்டும். எல்லாப் பிளேயரிலும் அதற்கு வசதி இல்லை. இரும்புத் தட்டை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டால் இன்னொரு சோதனை வரும். இரும்பு இதுவரை மோட்டரின் காந்த இரைச்சலைத் தடுத்துக்கொண்டிருந்தது. அலுமினியமும் அக்கிறிலிக்கும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலைப் பெரிதாகத் தடுக்கமாட்டா. காந்தம் உள்ள கார்ட்றிஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டி) போட்டிருந்தால் பின்னணியில் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் கேட்கத் தொடங்கும். பழைய செறாமிக் கார்ட்றிஜ்ஜுக்கு அந்தத் தொல்லை இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1957இல் வந்த தொரன்ஸ் டி.டி. 124இன் கனத்த இரும்புத் தட்டு, வலிய காந்தமுள்ள கார்ட்றிஜ்ஜைக் கீழே இழுத்தது. பிறகு காந்தம் ஒட்டாத தட்டைச் செய்து கொடுக்க வேண்டி வந்தது.

## தட்டைத் தொடாமல் விடுவது

என்னிடம் வருபவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் மருந்து.

ரொறன்ரோவிலிருந்து வந்த பிளேயரை எடுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை இறக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் ஹேர்ட்ஸுக்கு ஏற்ப ஓடும் மோட்டர் என்றால் 33⅓ சுற்ற வேண்டிய தட்டு இங்கே 27.8தான் சுற்றும். டி.எம்.எஸ். சுகமில்லாமல் படிப்பதுபோல் இருக்கும். இந்த நிலையில் ஒருவர் "தட்டுப் பாரம், அதுதான் இழுக்குதில்லை, லேசான தட்டொண்டு கடைஞ்சு தாங்கோ" என்று வந்தார். தட்டைப் பஞ்சில் செய்தாலும் 27.8தான். மாற்ற வேண்டியது கப்பியை. ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்க வேண்டும். 20 மில்லிமீற்றர் கப்பி என்றால், 0.8 மில்லிமீற்றர் பெல்ற்றின் தடிப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 24.2 வரும். பெருவிரல் அளவு பித்தளைத் துண்டும் அரை மணிநேர லேத் வேலையும் போதும். இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வருபவற்றுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அங்கேயும் 50 ஹேர்ட்ஸ்தான். அடப்ரரில் ஓடும் டி.சி. மோட்டர்களும், குவாட்ஸ் வைத்த நேரடி மோட்டர்களும் ஹேர்ட்ஸைக் கவனிப்பதில்லை.

மற்றது, சத்தம் மெலிவு, கரகரப்பு என்று வருபவர்கள். தேய்ந்த ஊசி, காய்ந்த பெயாரிங், நீண்டுபோன பெல்ற், கல்லாகிப்போன றப்பர் சில்லு. இந்த நான்கையும் பார்க்காமல் தட்டைக் கடைவது, வயிற்றுவலிக்குப் பல் பிடுங்குவது. சோளகம் வீசும் மாதங்களில் வன்னிப் புழுதி பெயாரிங்குக்குள் போய் எண்ணெயை மாவாக்கிவிடும். பெற்றோலில் கழுவி, துடைத்து, இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டாலே பாதிப் பிளேயர் உயிர்த்தெழும்.

## பழைய தட்டைத் திருத்துவது

வார்ப்பு அலுமினியத் தட்டு அல்லது நாகக் (துத்தநாகக்) கலப்புத் தட்டு, விளிம்பில் மட்டும் சிறு அடி, மேல்முகத்தில் கீறல்: இப்படி என்றால் திருத்துவதுதான் சரி. துளை உற்பத்திசாலையில் அடித்த துளை, அதை நாங்கள் தொடுவதில்லை. லேத்தில் அந்தத் துளையையே பிடிமானமாக்கி மேல்முகத்தில் தாள் தடிப்புக்கு ஒரு தடவை சீவி எடுத்தால் போதும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு பிடிமானம். துளையை இறுக்கமாகப் பிடிக்கும் ஒரு சிறிய தண்டை லேத்காரர் முதலில் கடைய வேண்டும். தட்டு வேலையைவிட அந்தத் தண்டு வேலை கூட. "சும்மா மூண்டு தாடைக்குள்ள பிடிச்சு ஒரு சீவு சீவலாம்" என்று லேத்தின் பிடிதாடையையே நம்பிச் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். சிலவகைத் தட்டுகளில் துளை நேராக இராது, மேல்நோக்கிக் கூம்பாக ஒடுங்கும். அதைக் கவனிக்காமல் நேர்த்தண்டைச் செருகினால் தட்டு சரிந்து பிடிபடும், சீவியதும் புது நெளிவு உண்டாகும்.

அழுத்தி வளைத்த தகரத் தட்டுகள் வேறு கதை. பி.எஸ்.ஆர்.காரரின் தட்டு அந்த வகைதான். லேத்தில் சீவ அதில் சதை இல்லை. மரத்துண்டு வைத்து, ஈயச் சுத்தியலால் மெல்லத் தட்டி, விளிம்பருகே ஒரு பேனா முனையை நிறுத்தி, சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சரிசெய்யலாம். ஒரு பின்னேரம் போகும், காசு போகாது. ஆனால் துரு உள்விளிம்பைத் தின்றிருந்தால் விட்டுவிடுங்கள். றப்பர் சில்லு ஓடும் பாதையில் குழி விழுந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டொக்" கேட்கும்.

## அதே தட்டை வெளியே தேடுவது

உடைந்த பிளேயர் ஒன்றிலிருந்து கழற்றிய அசல் தட்டு. பெயருள்ள மாடல்களுக்கு ஈபேயில் தனித்தட்டு வரும். இங்கிலாந்திலோ ஜேர்மனியிலோ இருக்கிற உறவுக்காரர் வாங்கி, ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாம். 3 கிலோ, 4 கிலோ தட்டைத் தபாலில் எடுத்தால் தட்டின் விலையைத் தபால்கூலி விழுங்கும், சுங்கம் தனி. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் கசக்கிறது. பழைய தட்டைப் பொதி செய்பவர் நடுக்குடத்தைச் சுற்றி மட்டையை அடைக்காவிட்டால், வழியில் விழும் ஒரே அடியில் விளிம்பு வளையும். அண்ணனிடம் சொல்லும்போது பொதி பற்றி இரண்டு தடவை சொல்லுங்கள்.

நேரடி மோட்டர் பிளேயருக்கும், தானே திரும்பும் பல்லுச்சக்கரம் உள்ள பிளேயருக்கும் இதைவிட வேறு வழி இல்லை. பி.எஸ்.ஆர். போல் ஒரு காலத்தில் ஊர் முழுக்க ஓடிய மாடல் என்றால் கடல் தாண்டவும் வேண்டாம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பழைய வானொலித் திருத்தகங்களின் பின்னறையில் செத்த பிளேயர்கள் அடுக்கிக் கிடக்கின்றன. கேட்டால் முழுப்பிளேயரையும் தந்து "இடம் விட்டால் காணும் தம்பி" என்பார்கள்.

## கொழும்பில் சி.என்.சி.யில் கொடுப்பது

சி.என்.சி. என்றால் கணினி சொல்கிறபடி வெட்டும் மெசின். அக்கிறிலிக், டெல்றின் வேண்டுமென்றால் இந்த வழிதான். வரைபடம் கணினியில் கீறி அனுப்ப வேண்டும். அளவுக்கு நிகராக வரும், பார்வைக்கும் வடிவாக இருக்கும்.

சிக்கல் வரைபடத்தில் இருக்கிறது. மெசின் நீங்கள் எழுதியதைத்தான் வெட்டும். அச்சு 7.1 மில்லிமீற்றர் என்று ஸ்கேலால் அளந்து எழுதினால் 7.1க்கே வெட்டித் தரும், தட்டு அச்சில் கடகடவென்று ஆடும் அல்லது இறங்கவே இறங்காது. உள்ளூர் லேத்காரர் என்றால் அச்சைக் கையில் கொடுத்து, "இதுக்கு வழுக்கிப் போற மாதிரி" என்றால் முடிந்தது. கொழும்புக்கு ஒரு தடவை பிழைத்தால் இன்னொரு பஸ் இரவு.

அக்கிறிலிக் பார்க்க மிக அழகு. அது கொதிப்பில் விரியும், பத்துப் பாகை செல்சியஸ் ஏறினால் 300 மில்லிமீற்றரில் 0.2 மில்லிமீற்றர் கூடும். அது பெரிதில்லை. ஆனால் இரும்புக்குடத்தை இறுக்கி அடித்துச் செருகினால் ஒருநாள் கீறும். தட்டைத் துடைக்கிறேன் என்று ஸ்பிரிட் பூசினால் மயிரிழை வெடிப்புகள் பரவும். ஈரத்துணி போதும். டெல்றினுக்கு அந்தப் பயம் இல்லை. தடித்த தகட்டில் அடைந்திருக்கும் இழுவிசை காரணமாக ஒரு பக்கம் சீவியதும் மெல்ல வளையும். அனுபவமுள்ளவர் இரண்டு பக்கமும் முரட்டாகச் சீவி, சில நாட்கள் விட்டு, பிறகுதான் முடிப்பார். அந்தச் சில நாட்களுக்குப் பொறுமை உண்டா என்று கேளுங்கள்.

யாருக்கு இது சரி? இரண்டு தட்டுச் சாதி பெல்ற் பிளேயர் வைத்திருந்து, ஊசிக்கை உயர்த்தும் வசதியும் உள்ளவருக்கு. அந்த யூடியூப் பொடியனிடம் ரேகா இருந்தால் அவருக்கு. ஆனால் ரேகாவின் கண்ணாடித் தட்டில் என்ன குறை கண்டார் என்று முதலில் கேட்பேன்.

## உள்ளூர் லேத்தில் கடைவது

இனி மாமாவின் கதை. அலுமினியம் வேண்டும் என்று தேடி, பழைய பிஸ்டன்களை உருக்கி வார்த்த ஒரு கட்டியை எடுத்தேன். பிஸ்டன் அலுமினியம் நன்றாக வார்படும், லேத்திலும் சுகமாகச் சீவுபடும் என்று சொன்னார்கள், அது உண்மைதான். ஆனால் திறந்த மண்ணில் வார்த்த கட்டிக்குள் காற்றுக்குமிழி இருக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. அரை வேலையில் மேல்முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் திறந்தன. பட்டறையின் பெயர் வேண்டாம். ஆள் கெட்டிக்காரர், தண்ணிப்பம்பு அச்சுக் கடைவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் முதலில் துளையை அடித்தார். தாடையைத் தளர்த்தி, தட்டைத் திருப்பிப் போட்டு, மேல்முகத்தைச் சீவினார். அந்தத் திருப்பலில்தான் என் காசு போனது. திருப்பிப் பிடித்த பிடியில் ஒரு மயிரளவு சரிவு. வீட்டில் பூட்டிச் சுற்றினால் விளிம்பு அரை மில்லிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கியது. போதாக்குறைக்கு, பி.எஸ்.ஆர். நடுக்குடத்தின் பல்லுச்சக்கரத்தை நான் மறந்தே போயிருந்தேன். மாமா ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, "உது கள்ளுக் குடிச்ச ரெக்கோட் மாதிரி" என்றார். பிறகு யாழ்ப்பாணத்துப் பின்னறை ஒன்றில் அசல் தட்டுக் கிடைத்தது, தேநீர்க் காசுக்கு. பிஸ்டன் தட்டு இப்போது எங்கள் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டு.

இரண்டாவது வேலை வேறு மாதிரி. சூரிச்சிலிருந்து வந்த தொரன்ஸ், டி.டி. 160. வெளித்தட்டு வழியில் விளிம்பு நசிந்து வந்தது. உள்தட்டு, பெயாரிங், பெல்ற் எல்லாம் சுகம். இம்முறை தண்ணிப்பம்பு ஆளிடம் போகவில்லை. லொறியின் பிறேக் டிரம் கடையும் பட்டறைக்குப் போனேன். டிரம்முக்கும் இதே சட்டம்தானே: நடுத்துளையை வைத்து வட்டமும் முகமும் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பிறேக் பிடிக்கும்போது லொறி உதறும். தட்டைக் கையில் வாங்கிய அண்ணை, நான் வாய் திறக்க முன்னமே சொன்னார்: "இது டிரம் மாதிரித்தான் தம்பி. ஒருக்காப் பிடிச்சா, துளையும் முகமும் விளிம்பும் முடிச்சுப்போட்டுத்தான் கழட்டுவன்."

இந்த வாக்கியம் வாயில் வருகிறதா என்பதுதான் பட்டறையைத் தெரிவுசெய்ய என் அளவுகோல். சி.என்.சி.யா, இங்கிலாந்துக் காலத்துக் கிழட்டு லேத்தா என்பது அதற்குப் பிறகு. அடிப்பக்கத்தை முதலில் முரட்டாகச் சீவிக் குடைந்து, திருப்பி, பிறகு மிச்ச மூன்றையும் ஒரே பிடியில் முடித்தார். 300 மில்லிமீற்றர் தட்டுச் சுற்ற லேத்தின் நடு உயரம் 150 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டும். டிரம் கடையும் லேத்தில் அது தாராளம், சின்ன லேத்தில் தட்டு படுக்கையில் முட்டும்.

பொருளுக்கு வார்ப்பு வேண்டாம் என்று முடிவெடுத்து, கொழும்பிலிருந்து அலுமினியத் தகடு வெட்டி எடுப்பித்தோம். 6061 என்றோ 6082 என்றோ கேட்டு வாங்குங்கள். "அலுமினியம்" என்று மட்டும் சொன்னால் யன்னல் சட்டத்துக்குரிய மென்மையான சாமான் வரலாம், அது கத்தியில் சப்பிக்கொண்டு ஒட்டும். சதுரத் தகட்டில் வட்டம் எடுத்தால் நான்கு மூலையும் கழிவு. நிறைக்குக் காசு கொடுப்பதால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சீவலாகப் போகிறது. சீவலைக் கேட்டு வாங்குங்கள், பழைய சாமான்காரர் எடுப்பார்.

ஒரு விசயத்தில் கைவிட்டேன். அசல் தட்டு நாகக் கலப்பு, அலுமினியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி. அதே அளவுக்குள் அதே எடை வராது. புதுத் தட்டு இலகுவானதால் சுருள்வில்லில் பிளேயர் மேலெழும்பி நின்றது. நட்டுகளைத் திருகி உயரத்தை இறக்க அரை நாள். அலுமினியம் தட்டினால் கோயில் மணி மாதிரிப் பாடும் என்பது அடுத்தது. அடிப்பக்கக் குடைவில் சைக்கிள் ரியூபை வெட்டி ஒட்டினோம், மேலே பழைய றப்பர் பாய். மணி அடங்கிற்று.

எடைச் சமநிலைக்குப் பலர் அழுவார்கள். 33⅓ வேகத்தில் அது அவ்வளவு பெரிய விசயம் இல்லை. விளிம்பருகே ஒரு பக்கம் 10 கிராம் கூடினாலும் அது பக்கவாட்டில் இழுக்கும் விசை 2 கிராமுக்குக் கிட்டத்தான். டிரம்காரரை ஓட்டை போடச் சொல்லித் தொந்தரவு கொடுக்காதீர்கள்.

இடையில் ஒரு தச்சர் முதிரையில் கடைந்து தருகிறேன் என்றார். வன்னி முதிரையின் வழவழப்புக்கு ஆசைப்படாத ஆள் இல்லை, எனக்கும் கை அரித்தது. கார்த்திகை மழைக்கு ஊதி, ஆடிக் காற்றுக்கு ஒடுங்கும் மரத்தில் 0.1 மில்லிமீற்றரை யார் காவல் காப்பது? அதே முதிரையில் பிளேயருக்குப் பெட்டி செய்வித்தோம், அது வடிவாக இருக்கிறது.

உள்ளூர் லேத்தின் மறைச்செலவு காசில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை. பட்டறை வாசலில் உழவு இயந்திரமும் அறுவடை மெசினும் வரிசையில் நிற்கும்போது பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனால் அவர் சிரிப்பார், தட்டு மூலைக்குப் போகும், ஒரு மாதம் கழித்து அதன்மேல் கிறீஸ் டின் இருக்கும். வயல் ஓய்ந்த காலத்தில் போங்கள்.

போகும்போது தட்டை மட்டும் கொண்டுபோகாமல் பெயாரிங்கையும் அச்சையும் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். இரண்டு தட்டுச் சாதி என்றால் உள்தட்டும் வேண்டும். அளவு சொல்ல வேண்டாம், சாமானைக் கையில் கொடுங்கள். துளை அச்சில் எண்ணெய்ப் படையோடு வழுக்கி இறங்க வேண்டும், நூற்றில் ஒன்றோ இரண்டோ மில்லிமீற்றர் இடைவெளி. கழற்ற முன், ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை விளிம்பிலும் முகத்திலும் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். லேத்தில் முள் ஆடாமல் இருந்து வீட்டில் தட்டு ஆடினால் பிழை தட்டில் இல்லை, உங்கள் பெயாரிங்கில்.

வீட்டில் வேகம் பார்க்கப் பலர் 180 கோடுள்ள வட்டத்தாளைப் போட்டு மின்குமிழ் வெளிச்சத்தில் கோடு நிற்கிறதா என்று பார்ப்பார்கள். 50 ஹேர்ட்ஸில் அந்தக் கணக்குச் சரி. ஆனால் மோட்டரும் குமிழும் ஒரே மின்சாரத்தைக் குடிப்பதால், ஜெனரேற்றரில் ஓடும்போது இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லும், கோடு அசையாமல் நிற்கும். இப்போதைய எல்.ஈ.டி. குமிழ்கள் பலவற்றில் அந்தத் துடிப்பே இல்லை. கைத்தொலைபேசியில் சுற்று அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, தட்டின் நடுவில் படுக்க வைத்து ஓடவிடுங்கள். பிறகு நாதஸ்வர ரெக்கோட்டைப் போட்டு, ஆலாபனையில் ஒரு நீண்ட சுரம் வரும்வரை பொறுத்திருந்து, 1.8 செக்கனுக்கு ஒருதடவை அது தலையாட்டுகிறதா என்று கேளுங்கள். தொரன்ஸில் ஆட்டவில்லை. மாமா மட்டும் தட்டு முழு வேகத்துக்கு வர எடுக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டு, லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) மாதிரிக் கயிறு சுற்றி இழுக்க வேணுமோ என்று கேட்டார்.